மெரினுக்கு மேடை கிடைக்க

புதுச்சேரி உப்பளத்து மெரின் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. பெற்ற தாய் ஆனந்தமேரியே பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே தின்று முடிப்பாள். பல் தேய்ப்பது மொட்டைமாடியில், தலை வாருவது தெருவில். "கால்ல சக்கரத்தோட பொறந்துடுச்சி, இன்னா பண்றது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்பா ஜோசப் ஆனந்த் எலெக்ட்ரீஷியன். மகளுக்கு எங்கேயோ எர்த் சரியில்லை என்பது அவருடைய முடிவு.

குரல் மட்டும், அடேயப்பா, அப்படி ஒரு குரல்! எட்டாம் வகுப்பு படிக்கும்போதே பங்குக் கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்த நாளிலேயே தொல்லையும் சேர்ந்துகொண்டது. அசையாமல் நின்றால் அவளுக்குச் சுதி இறங்கிவிடும். தோளும் காலும் கொஞ்சம் ஆடினால்தான் ஏறும். குழுவை நடத்திய யூஜின் மாஸ்டர் முதலில் கண்ணால் மிரட்டினார். பிறகு ஆர்மோனியப் பெட்டியைத் தட்டினார். அதற்கும் அடங்காமல் போகவே தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடக்கிறது, ஊரே முழங்காலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை மட்டும் தாளத்தோடு வெளியே வந்து வந்து போகிறது. முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

"பீடத்துக்கு முன்னாடி ஆட்டம் போடுற பொண்ணு எனக்கு வேணாம்மா" என்று மாஸ்டர் ஆனந்தமேரியிடம் சொல்லிவிட்டார். மெரின் அழுதாளா என்றால் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய், அந்தச் சிலுவைப்பாதைப் பாட்டையே உரக்கப் பாடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிதித்தாள். காற்று வாங்க வந்தவர்கள் யாருக்கோ துக்கம் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள்.

லாஸ்பேட்டையில் பி.காம். படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கல்லூரி ஆண்டு விழாக்களில் பாடி, ஆடி, நாடகத்தில் ஆண் வேஷம் போட்டு, இடையில் நேரம் கிடைத்தபோது பரீட்சையும் எழுதினாள். அப்புறம் சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனி ஒன்றில் வேலை. முதலில் பேக்கிங் பிரிவில் உட்கார வைத்தார்கள். அவள் தாளம் போட்டுக்கொண்டே சோப்பை அடுக்கியதில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டு, வரிசை முழுவதும் ஆட்டம் கண்டுவிட்டது. சூப்பர்வைசர் அவளை நடந்துகொண்டே செய்கிற வேலைக்கு, குடோனுக்கு, மாற்றிவிட்டார். நல்ல மனுஷன். அங்கேயும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கம் நின்றபடியே வந்து போனாள்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து வெற்றிச்செல்வன் என்ற இயக்குநர் தன் குழுவோடு புதுச்சேரிக்கு வந்து ஒரு பயிற்சி முகாம் போட்டார். அவர்களுடையது முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். பேச்சு பாதியில் பாட்டாகும், பாட்டு பாதியில் ஆட்டமாகும். மெரின் கதவோரம் நின்று பார்த்தாள். எதற்காக ஊரெல்லாம் திட்டு வாங்கினாளோ, அதை இங்கே வெளிச்சம் போட்டு, மைக் மாட்டி, 'இன்னும் கொஞ்சம் ஆடும்மா' என்று கெஞ்சிக் கேட்கிறார்கள்! முகாம் முடிவதற்குள் அங்கே இருந்த அத்தனை பேருடைய பாட்டும் ஆட்டமும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெற்றிச்செல்வன் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள்.

"உன்னை மாதிரி ஒருத்தியைத்தான்மா தேடிகிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் தேடியது கதாநாயகியை அல்ல, ஸ்விங்கை. இந்த மாதிரி நாடகங்களில் அப்படி ஒரு வேலை உண்டு. மற்ற நடிகைகள் அத்தனை பேருடைய பாத்திரமும் அந்த ஒருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால், கால் சுளுக்கினால், அன்றைக்கு அவள் ஏறுவாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பாருங்கள் வேடிக்கையை! பிறந்ததிலிருந்து உட்கார்ந்து பழக்கமில்லாதவளுக்கு உத்தியோகமே உட்காருவதுதான்.

மெரின் சேதராப்பட்டு வேலையை விட்டுவிட்டு, 'மாப்பிள்ளைக் கப்பல்' என்ற அந்த நாடகத்தோடு வேனில் ஏறிவிட்டாள். கல்யாண வீடு காத்திருக்கிறது, மாப்பிள்ளை வருகிற கப்பல் வந்து சேரவில்லை, கல்யாணப் பெண் என்ன செய்கிறாள் என்பது கதை. கல்யாணப் பெண்ணாக நடித்தவள் திண்டிவனத்துச் சிவசங்கரி. லாட்ஜில் மெரினும் அவளும் ஒரே அறை. சிவசங்கரிக்குத் தலைவலி என்றால் மாத்திரை வாங்கி வருவதும் மெரின்தான். மதுரை, ஈரோடு, சேலம், கோயம்புத்தூர் என்று ஊர் ஊராகப் போனார்கள். ஆனால் அந்த நடிகைகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இரும்பில் செய்த உடம்புகள். ஒவ்வொரு ஊரிலும் மெரின் ஸ்டூலுக்குப் பின்னால் குட்டி போட்ட பூனையாக நடந்து நடந்து, தரை தேய்கிறது என்று ஏச்சு வாங்கினாள்.

கடைசியில் புதுச்சேரிக்குத் தேதி விழுந்தது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அதற்கு ஒரு வாரம் முன்பே அவளுக்கு விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கால் வைத்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். நம்ம கோயில் அன்பியத்துல, அக்கம்பக்கத்துக் குடும்பம் அத்தினி பேரும் வர்றாங்க. நீ மேடையில ஏறுவியா மாட்டியா?"

"யாருக்காவது முடியலன்னா ஏறுவேன்பா. எத்தினி தரம் சொல்றது?"

"முடியாம போகலன்னா?"

"ஏற மாட்டேன்."

ஜோசப் ஆனந்த் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அந்தச் சூப்பர்வைசர் இன்னும் எடம் காலியாத்தான் இருக்குதுன்றாரு. சனிக்கிழம எங்க கண்ணு முன்னாடி நீ ஏறிட்டியா, அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கிழம காலையில சேதராப்பட்டு பஸ்ஸு. ஸ்டூலு தேய்க்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?"

மெரின் கத்தினாள். அவரும் கத்தினார். தெரு நின்று கேட்டது. ஆனந்தமேரி மட்டும் இடையில் வராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனபோது வெளியே வந்தது அது. பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை, அதாவது யார் யாருக்கு என்ன வேண்டுதல் என்பதை, உபதேசியார் மைக்கில் வாசிப்பது வழக்கம். இறந்துபோன இன்னாருக்காக, அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு நன்றியாக, பேரப்பிள்ளை வெளிநாடு போவதற்காக என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், அதே குரலில், "ஆனந்தமேரி குடும்பத்தார் கருத்து, மகள் மெரினுக்கு மேடை கிடைக்க" என்றார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மெரினுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மேடை கிடைக்க என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஒருத்தி விழ வேண்டும் என்றல்லவா கோயில் முழுவதும் சேர்ந்து மன்றாடிக்கொண்டிருக்கிறது! பாவம், அந்தச் சனங்களுக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, இன்னா கருத்து குடுத்திருக்கற நீ? ஒருத்தி படுத்தாத்தான் நான் ஏற முடியும்னு உனக்குத் தெரியாதா?"

"நான் யாரையும் படுக்கச் சொல்லலடி. மேடை குடு ஆண்டவரேன்னுதான் கேட்டேன். எப்பிடிக் குடுக்கறதுன்றது அவரு பாடு."

"அவரு பாடா! நல்லா இருக்குது ஞாயம்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுவோம். அன்று முதல் அவள் மனசுக்குள் ஒரு மூலையில், கிடைத்தாலும் கிடைக்குமோ என்று ஒரு நப்பாசை குந்திக்கொண்டது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே தினமும் கல்யாணப் பெண்ணின் பாட்டை மொட்டைமாடியில் பாடிப் பார்த்தாள். மற்ற நாலு பாத்திரங்களுடைய பாட்டையும் விட்டுவிட்டு அது ஒன்றை மட்டுமே பாடினாள் என்பதை அவளே இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

வாய் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை குழு வந்து இறங்கியதும் சிவசங்கரியிடம் தமாஷாக உளறிவிட்டாள். "எங்கம்மா எனக்கு மேடை கிடைக்கணும்னு பூசை வெச்சிருக்காங்க தெரியுமா? ஒடம்பப் பாத்துக்க!" சிவசங்கரியும் சிரித்தாள். ஆனால் நாடகக்காரர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் சிரிப்பு உதட்டோடு சரி. சிவசங்கரி வெந்நீர் குடிக்க ஆரம்பித்தாள். காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டாள். படி இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்கு நடுவில் ஆனந்தமேரி குழுவுக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். வடவம் தாளித்த சங்கரா மீன் குழம்பு, வறுவல், ரசம். மகளோடு ஊர் சுற்றுகிற பிள்ளைகளுக்கு ஒரு வேளை வீட்டுச் சோறு போட வேண்டும் என்று விடியற்காலையிலேயே மீன் வாங்கி வந்து செய்தது. எல்லோரும் தட்டை வழித்துத் தின்றார்கள். சிவசங்கரி மட்டும் தொடவில்லை.

"எனக்கு வேணாம் ஆன்ட்டி. பசிக்கல."

"ஒரு வாயி சாப்புடும்மா."

"வேணாம்னு சொல்றேன் இல்ல?"

ஆனந்தமேரியின் முகம் சுருங்கிவிட்டது. மகள் பூசை விஷயத்தை உளறியிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு போனாள். மெரினுக்கு ஓடிப்போய் சிவசங்கரியை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க முடியவில்லை. என்னவென்று கேட்பது?

விதியைப் பாருங்கள். மீன் குழம்புக்குப் பயந்த சிவசங்கரி வெளியே போய் ஏதோ தள்ளுவண்டியில் முட்டை நூடுல்ஸ் தின்றாள். மீன் குழம்பு தின்றவர்கள் எல்லோரும் குத்துக்கல்லாக நின்றுகொண்டிருக்க, நாலு மணிக்கு அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அரை மணிக்குள் நிற்க முடியவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், இன்றைக்கு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெற்றிச்செல்வன் மெரினைத் தேடி ஓடிவந்தார். "ட்ரெஸ் போடு."

ஆயிரம் தடவை கனவில் கேட்ட வார்த்தை. கேட்டதும் ஒப்பனை அறைக்கு ஓடினாள். சிவசங்கரி அவளைவிட ஒரு சாண் உயரம். பாவாடையை மடித்து ஊசி குத்தினார்கள். ஒப்பனை அறையின் ஒரு பக்கத்தில் மெரினுக்குப் பொட்டு வைக்கிறார்கள், மறுபக்கத்தில் பாயில் சுருண்டு கிடக்கிறாள் சிவசங்கரி. கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கம்மா வேண்டுதல் பலிச்சிடுச்சி" என்றாள் சிவசங்கரி. சிரித்தபடி சொல்ல முயன்றாள். முடியவில்லை, வாளியை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆனந்தமேரி கனகாம்பரப் பந்தோடு உள்ளே வந்தாள். மகள் ஏறுகிறாளோ இல்லையோ, தலையில் பூ இருக்கட்டும் என்று வாங்கியது. கல்யாணப் பட்டில் மெரினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நான்தாம்மா இன்னிக்கி! நான்தான்!"

ஆனந்தமேரி மகளைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல மெரினுக்கு நேரமில்லை. மைக் மாட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடினாள்.

திரை விலகியது. எதிரில் ஒரே இருட்டு, ஒரு முகம் தெரியாது. ஆனால் இரண்டாம் வரிசையில் நடைபாதை ஓரம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடம் போட்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தத் திசையைப் பார்த்துத்தான் முதல் அடியே வைத்தாள்.

முதல் பாட்டிலேயே சறுக்கினாள். கல்யாணப் பெண் 'கப்பல் வருமா' என்று பாடிக் கேட்க வேண்டும். தோழியாக நடிக்கும் நிர்மலாதேவி 'வராமல் எங்கே போகும்' என்று பதில் பாட வேண்டும். ஸ்விங்குக்கு எல்லார் பாட்டும் தெரியும் அல்லவா? கேள்வியைக் கேட்ட வாய், பழக்க தோஷத்தில் பதிலையும் தானே பாடிவிட்டது. நிர்மலாதேவி திறந்த வாயை மூடாமல் நிற்கிறாள். வாத்தியக்காரர்கள் விழிக்கிறார்கள். மெரினுக்கு அடுத்த வரி வரவில்லை. ஆனால் கால் நிற்கவில்லை. அது பாட்டுக்கு இரண்டு எட்டு ஓடி நிர்மலாதேவியின் பக்கம் திரும்பியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ சொல்றதுக்குள்ள கப்பலே வந்துடும்டி, அதான் நானே சொல்லிகிட்டேன்!" என்று தாளம் தப்பாமல் ஒரு அடி சேர்த்துப் பாடினாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் விசில் கேட்டது. உப்பளம் மைதானத்தில் ஃபுட்பால் பார்க்கும்போது அடிக்கிற அதே விசில்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டை ஒரு மூலை விடாமல் சுற்றினாள். கோபத்தில் பாடினாள், குந்தி அழுதபடி பாடினாள், சமையல்காரரின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆடினாள். ஊர் ஊராக ஸ்டூலுக்குப் பின்னால் நடந்த நடையெல்லாம் அன்றைக்கு மேடையில் நடந்தது. இவ்வளவு காலமும் அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது எதுவோ அது வாயை மூடிக்கொண்டது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

முடிந்ததும் விளக்குகளைப் போட்டார்கள். அன்பியத்துச் சனம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. யூஜின் மாஸ்டர்கூட வந்திருந்தார். அவரும் எழுந்துதான் நின்றார். இரண்டாம் வரிசையில் அப்பா மகளுக்குப் போர்த்த வாங்கி வந்த சால்வையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அம்மாவின் குடை மட்டும் சாத்தியிருந்தது.

வெற்றிச்செல்வன் திரைக்குப் பக்கத்தில் காத்திருந்தார். "பிரமாதம். அந்த எடம் தப்புதான், இருந்தாலும் பிரமாதம். நாளைக்கு திருச்சி. சிவசங்கரியைக் கேளு. பாடறேன்னா அவதான், அவ ரோல். முடியலன்னா திருச்சியும் நீயே பண்ணு."

மெரின் ஒப்பனை அறைக்குப் பறந்தாள். ஆனந்தமேரி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சிவசங்கரியின் தலை. நாடகம் பார்க்க அவள் கட்டிவந்த பட்டுச் சேலையில் திட்டுத் திட்டாக ஈரம். பக்கத்தில் வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது, டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. நாடகம் முழுவதும் அவள் இங்கேயே இருந்திருக்கிறாள்.

"நீ பாக்கவே இல்லியாம்மா?"

"காதுல விழுந்துச்சி. எல்லாரும் சிரிச்சாங்க."

மெரினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இவளைப் பாத்துக்க வேற ஆளே இல்லியா? யாருக்காக ஆடினேன் நானு? ரெண்டாவது வரிசையவே பாத்துப் பாத்துப் பாடறேன், நீ இங்க குந்திகிட்டு இருக்கற!"

"நான் கேட்டதுக்கு இந்தப் பொண்ணு படுது" என்றாள் ஆனந்தமேரி. குரல் உயரவில்லை. "இதை இப்பிடிப் போட்டுட்டுப் போயி எப்பிடிடி நான் கை தட்டறது? அழுதுகிட்டே இருந்துச்சி. என் ரோல் போயிடுமா ஆன்ட்டின்னு கேட்டுச்சி. போவாதுன்னு சொல்லியிருக்கேன்."

மேடையில் இருந்த அவ்வளவு நேரத்தில் சிவசங்கரியின் முகம் ஒரு தடவைகூடத் தனக்கு நினைவு வரவில்லை என்பது அப்போதுதான் மெரினுக்கு உறைத்தது. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. வருத்தத்தைத் தேடினாள். திருச்சிதான் முன்னால் வந்து நின்றது.

கல்யாணப் பட்டோடு பாயோரம் மண்டியிட்டாள். சிவசங்கரி கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் தெளிந்திருந்தது.

"நாளைக்குப் பாடிடுவியா?" என்று கேட்டாள் மெரின்.

கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனந்தமேரி சிவசங்கரியைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடிடுவேன்" என்றாள் சிவசங்கரி.

"மாதாவே, உமக்கு நன்றி" என்று ஆனந்தமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெரினும் சொன்னாள். ஒரு தாளம் தள்ளித்தான் வந்தது.